துப்பாக்கிக்கும் ஜாதகம் உண்டு!
கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலை ஏறினால் கரியாலூர். இங்கே மரவள்ளிக் கொல்லையைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் உண்டு. குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் ரகம். ஊர் பேர் பொறித்திராது.

பட்டாளத்து 303 அப்படியல்ல! விசைக்கு மேலே, கட்டை சேருமிடத்து இரும்பில் அதன் ஜாதகமே இருக்கும்: கிரீடம், அரசர் பெயரின் முதலெழுத்துக்கள், தொழிற்சாலை, வருஷம். 'இஷாப்பூர்' என்றால் வங்காளத்தில் பிறந்தது. 'லித்கோ' என்றால் ஆஸ்திரேலியாவில்.

விலையா? தாழிலும் உடம்பிலும் ஒரே எண் இருந்தால் பொருத்தம் பிரமாதம். வெளிநாட்டில் சேகரிப்போர் கூடுதலாகவே கொடுப்பார்கள். இங்கோ, ஆயுதச் சட்டம் (1959) தடுத்த ரகம் அது. ஆகவே சகோதரிகளே, தாத்தாவின் பெட்டியில் அகப்பட்டால் தொடாதீர்கள்; போலீஸுக்குச் சொல்லி அனுப்புங்கள். உள்ளே தோட்டா இருக்கலாம்!