விமானிப் படிப்பும் உம்மாவின் காப்பும்

 

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் எருக்கலம்பிட்டி, தாராபுரம் பக்கத்து உம்மாமார் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இப்போது ஒன்று கூடியிருக்கிறது. "மௌலவி, மகன் பைலட்டுக்குப் படிக்கப் போறேன் எண்டு நிக்கிறான். கொழும்பில இலவசக் கருத்தரங்கு நடக்குதாம். அதுக்கு அனுப்புறதா, இல்ல காசு கட்டி வகுப்பிலயே சேர்க்கிறதா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நகை இருக்கும். 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் பெண்கள், கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போய்ச் சிறுகச் சிறுகச் சேர்த்த காப்பு அது. எனவே விளையாட்டாகப் பதில் சொல்ல முடியாது.

நான் ஓதிய அரபுக் கல்லூரியில் கட்டணம் இல்லை. ஊராரின் ஸதகாவில் சாப்பிட்டு வருடக் கணக்கில் ஓதினோம். ஆகவே இலவசம் என்பதால் ஒரு கல்வி மட்டமாகிவிடாது. காசு கட்டுவதால் உயர்ந்தும் விடாது. பின் எதைக் கொண்டு அளப்பது?

ஹிஜ்ரி 2இல் பத்ரில் பிடிபட்ட கைதிகளில், எழுதத் தெரிந்தும் மீட்புப் பணம் இல்லாதவர்கள், மதீனாவின் பத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். எத்தனை நாள் பாடம் நடந்தது என்பதல்ல, பிள்ளைகள் கற்றுத் தேர்ந்தார்களா என்பதே அங்கே கணக்கு.

அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். விமானம் ஓட்டும் உரிமையைத் தருவது வகுப்பு நடத்துபவரின் சான்றிதழ் அல்ல; சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம். சர்வதேச விதிப்படி தனியார் விமானிக்குக் குறைந்தது 17 வயதும், பொதுவாக 40 மணிநேரப் பறப்பும் வேண்டும். சம்பளத்துக்கு ஓட்டும் வர்த்தக விமானிக்கு 18 வயதும், பொதுவாக 200 மணிநேரமும் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுப் பயிற்சியாக இருந்தால் 150. இந்த மணிநேரங்களை எந்தக் கருத்தரங்கும் தராது. பறக்காமல் மண்டபத்தில் மட்டும் நடக்கும் கட்டண வகுப்பும் தராது.

அதனால் கருத்தரங்குக்கு அனுப்புங்கள். வாப்பாவோ மாமாவோ கூடப் போகட்டும். ஆனால் அன்றே முற்பணம் கட்ட வேண்டாம். நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்துவிடுங்கள். இந்தப் பயிற்சிக்கு அதிகாரசபையின் அங்கீகாரம் உண்டா? கட்டணத்துக்குள் எத்தனை மணிநேரப் பறப்பு அடங்கும்? பரீட்சை, விடுதி, அதன்பின் பெரிய விமான ரகம் ஒன்றுக்கான பயிற்சி, இவற்றுக்குத் தனியாக எவ்வளவு? இடையில் நின்றால் பணம் திரும்புமா? பதிலை வாய்ச்சொல்லாக அல்ல, எழுத்தில் வாங்குங்கள். கடனை எழுதி வைக்கும்படி அல் பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கற்றுத்தந்த பழக்கம்தானே!

கட்டணம் கட்டுமுன் முதல்தர மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்ணிலோ காதிலோ குறை இருந்தால் காப்பு விற்கும் முன்பே தெரிந்துவிடும். ஆங்கிலத் தேர்ச்சியும் கட்டாயம்; அதை ஊரிலிருந்தே தொடங்கலாம்.

எல்லாம் சரியாக வந்தால் காசு கட்டிப் படிக்கும் படிப்பே பெறுமதியானது. கருத்தரங்கு அதற்கு வாசல் மட்டுமே. ஆயினும் அனுமதிப்பத்திரம் வேலைக்கு உத்தரவாதமல்ல என்பதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள். வட்டிக் கடன் மட்டும் வேண்டாம். இயன்றால் கட்டம் கட்டமாகக் கட்டுங்கள். இயலாவிட்டால் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களில் வேறு நல்ல தொழில்கள் இருக்கின்றன.

உம்மாமாரின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.