சாயம் போக்குதல்

நெற்றியில் பட்டது போய்விட்டது. தேங்காயெண்ணெயைத் தடவி அரைமணி ஊறவிட்டுச் சோப்புப் போட்டதில் காதோரக் கறையும் பெருமளவு விட்டது. தோலின் மேலடுக்கு எப்படியும் உதிர்ந்துகொண்டே இருப்பது. அதன்மேல் எதுவும் அதிக நாள் தங்காது. தலைமுடிதான் அசையவில்லை.

தங்கையின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் என்னைப் பெண்ணுக்குச் சித்தப்பா என்று எண்ணி விசாரித்தார். எனக்கு வயது 36. கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு ஆம்பூர் பஜாரில் ஒரு பாக்கெட் வாங்கிவந்து பூசிக்கொண்டேன். கல்யாண போட்டோக்களில் என் தலை யாரோ இரவல் கொடுத்ததுபோல் இருக்கிறது. அதைக்கூடச் சகித்திருப்பேன். அடுத்த வாரம் நவம்பர் பிறந்தது. பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடிருப்பதற்குச் சான்றிதழ் கொடுக்கும் மாதம். கைரேகை எந்திரம் வந்த பிறகும் சிலர் காகிதத்தோடு வங்கிக்கு வருகிறார்கள். போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டு, இவர் அவர்தான் என்று உறுதிசெய்வது என் வேலை. வருஷாவருஷம் வரும் பெரியவர் ஒருவர் கவுண்டருக்கு வெளியே நின்று என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இங்க நரைச்ச தலையா ஒரு சார் இருப்பாரே, ரிடயர் ஆயிட்டாரா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் விளங்கவில்லை. அன்று மாலையே சாயத்தை எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா திண்ணையிலிருந்து எழுந்துவந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். முதலில் எலுமிச்சம்பழம். அவர் சிரித்தார். "நாங்க சாயம் பிடிக்கறதுக்குத்தான்டா கடைசில ஆசிட் ஊத்துவோம். நீ எடுக்கறதுக்கு ஊத்தற."

தோலுக்கு அது சரி. டிரம்மில் சுற்றும் தோலுக்குள் சாயம் இறங்கியதும் பார்மிக் அமிலம் விட்டால் இறுகிக்கொள்ளும். காரம் ஏறினால் இளகும். தலைச்சாயத்தின் வழி வேறு. பாரா பினைலீன் டையமின் என்ற நிறமில்லாத சிறு மூலக்கூறு, காரத்தில் உப்பித் திறந்த முடிக்குள் நுழைகிறது. உள்ளே ஆக்ஸிஜனோடு சேர்ந்து, தன்னைப்போன்ற பிறவற்றோடு பிணைந்து, நிறமும் பருமனும் பெறுகிறது. போன வழியில் அதனால் திரும்பி வர முடியாது. 1907இல் பாரிஸில் யூஜீன் ஷுவெல்லர் என்ற ரசாயனி தயாரித்து விற்கத் தொடங்கிய செயற்கைத் தலைச்சாயம்தான் பின்னால் லோரியால் என்ற பெரிய நிறுவனமாயிற்று. மேலை நாட்டார் அணியும் மென்மயிர்த் தோல்களைக் கறுப்பாக்கவும் இந்தப் பொருள்தான் பயன்பட்டிருக்கிறது. மிருகத்தின் மயிருக்கும் மனிதனின் மயிருக்கும் அது பேதம் பார்ப்பதில்லை.

பொடுகு ஷாம்புவில் ஆப்பசோடாவைக் குழைத்துத் தேய்த்தபோது நுரை டீத்தண்ணீர் நிறத்தில் வடிந்தது. காரம், முடியை மறுபடி சற்றுத் திறந்திருக்க வேண்டும். மூன்று முறை அலசியதில் கறுப்பு, அழுக்குப் பழுப்பாயிற்று. பிறகு மெடிக்கலில் வாங்கிய வைட்டமின் சி மாத்திரைகளைப் பொடித்து ஷாம்புவில் கலந்து, தலைக்குப் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு அரைமணி உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்சம் இளகியது. முடி தேங்காய் நாராயிற்று. பக்கத்து வீட்டுப் பையன் சொன்ன பிளீச்சிங் திரவத்தை நான் எடுத்தபோது அப்பா பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். "முடியவே கரைக்கணும்னா சொல்லு. சுண்ணாம்பும் சல்பைடும் கொண்டாறேன்." அவர் சொன்னதில் மிகையில்லை. தோல்மேல் இருக்கும் மயிரைக் கூழாக்குவது டேனரியில் ஆரம்பக் காரியங்களில் ஒன்று. பிளீச்சிங் திரவத்துக்கும் அந்தச் சக்தி உண்டு.

அலசிய தண்ணீர் வாய்க்காலில் போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் கழிவால் பாலாறு கெட்டதைப் பற்றி, வேலூர் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தண்ணீரைப் பற்றிய தீர்ப்பு அது. அந்தத் தண்ணீரில் கைவிட்டு நின்றவர்களின் கைகளைப் பற்றி எனக்கு வேறு ஞாபகம் இருக்கிறது.

அந்த வாரத்து ஆர்டர் எந்த நிறம் என்று அப்பாவின் கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். மாலையில் குழாயடியில் சலவைத்தூள், புளி, மண்ணெண்ணெய் நனைத்த துணி என்று மாற்றி மாற்றித் தேய்ப்பார். நகக்கண்ணில் மட்டும் நின்றுவிடும். எட்டாம் வகுப்பில் பெற்றோரை அழைத்துவரச் சொன்னார்கள். "நீ வரவேணாம், அம்மா வரட்டும்" என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து குழாயடியில் அதிக நேரம் நின்றார்.

இதை எழுத நேர்ந்ததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இரண்டு வருஷங்களுக்கு முன், இதைப் படிக்கும் நண்பர்கள் பலரும் படித்த ஒரு கட்டுரையில், "என் தந்தை தோல் தொழிலில் ஈடுபட்டிருந்தவர்" என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் இந்த வாக்கியம் முதலாளியைக் குறிக்கும். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எழுதியபோதே எனக்கு இது தெரியும். ஒரு நண்பர், உங்கள் குடும்ப வியாபாரத்தைப் பற்றி விரிவாக எழுதலாமே என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. பிறருடைய எழுத்தில் பாவனை எங்கே இருக்கிறது என்று பத்து வருஷங்களாகச் சுட்டிக்காட்டி வருகிறவன் நான்.

அப்பா ஒரு டேனரியின் சாயப் பிரிவில் இருபத்தாறு வருஷம் கூலிக்கு டிரம் ஓட்டினார். அந்த வாக்கியம் இப்படி இருந்திருக்க வேண்டும்.

வேலையிலிருந்து நின்றபின் அவர் கையில் தோல் மாறியது. நகங்கள் வளர்ந்து கறை நுனிக்கு வந்து வெட்டுப்பட ஏறக்குறைய ஆறு மாதம் ஆயிற்று. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்போல் வளரும். சலூனில் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தேன். அப்பா தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "வேர்ல வெள்ள தெரியுது" என்றார்.