சரிவுக்கு டிராக்டர் வேண்டாம்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு ஏறினால், சில்வர் ஓக் நிழலில் காபி, மரத்தில் மிளகுக்கொடி. சேர்வராயன் மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி, "புல் வெட்ட மினி டிராக்டர் வாங்கலாமா சார்?" என்றார்.

பதில் சொல்லுமுன் அவரோடு தோட்டத்தில் இறங்கினேன். கால் வழுக்கியது, காபிச்செடியைப் பிடித்து நின்றேன். ஆள் நிற்கத் தடுமாறும் இடத்தில் டிராக்டர் கவிழும், உயிருக்கே ஆபத்து.

இங்கே தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் போதும். காபியின் உறிஞ்சுவேர்கள் மேல்மண்ணில் இருப்பதால் கொத்தாதீர்கள். வெட்டிய புல்லை அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். செடியின் தூரைச் சுற்றிக் கையால் களையெடுங்கள். கருவி ஓடும்போது 15 மீட்டருக்குள் யாரும் வரக்கூடாது. கண்ணாடியும் பூட்ஸும் கட்டாயம்.

மழைக்கு மண் தங்கினால்தான் மலைத்தோட்டம் தங்கும்.