கோவில் முற்றத்துப் புங்கமரம்

எங்கள் பங்கு ஆலயத்தின் தென்புறம் நின்ற புங்கமரத்தை வெட்டலாம் என்று 2019-இல் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். பங்குப் பேரவையில் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு: சருகு கொட்டுகிறது, தகரப் பந்தலுக்கு இடம் வேண்டும். இரண்டும் உண்மையே.

புங்கு இலையுதிர்ப்பது பெரும்பாலும் மாசி, பங்குனியில்; அதாவது நமது தவக்காலத்தில். சிலுவைப்பாதை வெள்ளிகளில் முற்றமெங்கும் சருகாய்க் கிடக்கும். உபதேசியார் பெருக்கிப் பெருக்கி அலுத்துக்கொள்வார். ஆயினும் அது நெடுநாள் மொட்டையாய் நிற்பதில்லை. செந்தளிர் விட்டு, உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டிப் பச்சைக்குடை விரித்துவிடும். அக்கினி வெயிலுக்கு முன்பே தழைத்து நிற்பதுதான் அதன் தனிச்சிறப்பு. பின்பு வெண்மையும் இளஞ்சிவப்புமாய்ச் சிறு பூக்கள் உதிரும். சங்கப் புலவர்கள் அப்பூவைப் பொரிக்கு ஒப்பிட்டது எத்துணைப் பொருத்தம்! நற்கருணைப் பவனிக்கு நாங்கள் விரிக்காமலே தரைக்கு விரிப்புக் கிடைத்தது.

மண்ணைப் பற்றி அதற்குக் குறையே இல்லை. ஆற்றங்கரை, களிமண், உப்புக்காற்று வீசும் கடற்கரை மணல் எங்கும் வளரும். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்குகின்றன. நம் உழவர் அதன் தழையை வயலில் மிதித்ததும் வீணன்று. கசக்கும் விதையின் எண்ணெயில் விளக்கெரித்த வீடுகளும் உண்டு.

என் தாயார் தம் இறுதி ஆண்டுகளில் படியேற இயலாமல் அம்மரத்தடியில் நாற்காலியிட்டுத்தான் திருப்பலி கண்டார்கள். அதை மறந்தா கை தூக்கினேன்? மறக்கவில்லை. பேரவையில் தனித்து நிற்கக் கூசினேன். ஒப்புரவு அருட்சாதனத்தில் இதை எந்தக் கட்டளையின்கீழ் அறிக்கையிடுவது என்று இன்றும் விளங்கவில்லை. இப்போது பத்து மணித் திருப்பலியில் தகரம் கொதிக்க, மறையுரை முடியுமுன்பே முதியவர்கள் எழுந்து சுவரோரம் ஒதுங்குகிறார்கள்.

பிறகொரு நாள் சாலையோரப் புங்கின் அடியில் நெற்றுகளைப் பொறுக்கி வந்தேன். அவை தாமாக வெடிப்பதில்லை. கத்தியால் நெம்பித்தான் திறக்க வேண்டும். பெரும்பாலும் உள்ளே ஒரே விதை. புதுவிதையானால் இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். ஐந்து ஊன்றியதில் மூன்று முளைத்தன. பங்குத்தந்தையிடம் இடம் கேட்டேன். முற்றத்தில் இனி இடமில்லை, கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் வைக்கலாம் என்றார். தாயாரின் கல்லறைக்குச் சற்றுத் தள்ளிக் குழி தோண்டினேன்.

ஒன்று பிழைத்திருக்கிறது. இப்போது என் இடுப்பளவு உயரம். நாற்காலி போடும் நிழலுக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகும். சனிக்கிழமை மாலைகளில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன்.