ஜூன் 22-ம் தேதி யோகா

ஜூன் 21-ம் தேதி காலை ஆறு மணிக்கு நாடே பாய் விரிக்கிறது. மைதானங்களில் அமைச்சர்கள், பள்ளி வளாகங்களில் சீருடைப் பிள்ளைகள், கப்பலின் மேல்தளத்தில் கடற்படை வீரர்கள், டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு. இந்த நாளைச் சர்வதேச யோகா தினமாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது 2014 டிசம்பரில். மறு வருடம் டெல்லி ராஜபாதையில் (2022-லிருந்து கர்த்தவ்ய பாதை) 35,985 பேர் ஒன்றாக ஆசனம் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். அடுத்த நாள் ஜூன் 22. பாய்களில் பெரும்பாலானவை சுருட்டப்பட்டு பீரோவுக்குப் பின்னால் போய்விடும். யோகாவால் உடம்புக்கும் மனசுக்கும் நன்மை என்று எதைச் சொன்னாலும், அது பீரோவுக்குப் பின்னால் போகாத பாய்களுக்குத்தான் சொந்தம்.

இதற்கு ஒரு மனிதரின் உடம்பே சாட்சி. 1918-ல் விஷக்காய்ச்சல் உலகத்தையே வாரிக்கொண்டு போன நேரத்தில் கர்நாடகத்தின் பெல்லூர் கிராமத்தில் ஒரு ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் பி.கே.எஸ். ஐயங்கார். குச்சியாகக் கை கால்கள், தூக்கி நிறுத்த முடியாத தலை. மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று ஒவ்வொன்றாக வந்து போயின. ஒன்பது வயதில் தந்தையும் போய்விட்டார். 1934-ல் மைசூரில் இருந்த அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியார் வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது, அந்தப் பையனால் குனிந்து தரையைத் தொடக்கூட முடியவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1937-ல், யோகா கற்றுக்கொடுக்க புனேவுக்குப் போனார். மராத்தி தெரியாது. வந்த மாணவர்களில் பலர் அவரைவிடப் படித்தவர்கள், அவரைவிடத் திடகாத்திரமானவர்கள். தன் உடம்பையே பாடப்புத்தகமாக வைத்துக்கொண்டு தினமும் மணிக்கணக்கில் பயிற்சி செய்தார். எந்த மூட்டு ஏன் மடங்க மறுக்கிறது, எங்கே வலி தொடங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் படித்தார். 1966-ல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் உலகம் முழுவதும் போனது. 2014 ஆகஸ்டில் 95 வயதில் புனேயில் மறைந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும் தினசரிப் பயிற்சியை அவர் விடவில்லை.

ஐயங்கார் செய்த காரியங்களில் சாமானியர்களுக்கு மிகவும் உதவியது மரக்கட்டையும் கயிறும் நாற்காலியும்தான். கை தரையில் படவில்லையா, கைக்குக் கீழே ஒரு கட்டையை வை. முதுகு நிற்கவில்லையா, சுவரில் சாய். நோயாளியின் உடம்பிலிருந்து யோகாவைத் தொடங்கிய ஒருவருக்குத்தான் இது தோன்றும். அவருடைய குருவான கிருஷ்ணமாச்சாரியார் 1950-களில் சென்னைக்குக் குடிவந்தார். குருவின் மகன் தேசிகாச்சாரும் தகப்பனாரின் வழியில், ஆளுக்கு ஏற்றபடி பயிற்சி என்பதைக் கொள்கையாகவே வைத்துக்கொண்டார். இருபது வயதுக்காரருக்கும் எழுபது வயதுக்காரருக்கும் ஒரே ஆசனத்தை ஒரே மாதிரி சொல்லிக்கொடுப்பது தவறு என்பது இந்த இரண்டு வழிகளுக்கும் பொது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? எந்த ஊர் காலனியிலும் இருக்கக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். வயது 52. நாற்காலி வேலை. இடுப்பில் பிடிப்பு, ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு, பிரஷர் மாத்திரை ஒன்று. டாக்டர் சொன்னதால் யோகா வகுப்பில் சேருகிறார். முதல் வாரம் அவமானம். குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டுவதில்லை. பக்கத்தில் ஒரு பாட்டி சர்வ சாதாரணமாகப் பாதத்தைப் பிடிக்கிறார். முதல் மாதம் உடம்பு முழுக்க வலி. இரண்டாம் மாதம் ஷூ லேஸ் கட்ட நாற்காலி தேவைப்படவில்லை என்பதை ஒருநாள் தற்செயலாகக் கவனிக்கிறார். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வருடக்கணக்கில் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்த தொடைத் தசைகளும் இடுப்பும் மெல்ல நீள்கின்றன; முதுகைத் தாங்க வேண்டிய தசைகளுக்கு வேலை வருகிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்தைத் தேடும் முன்னால் முயன்று பார்க்கத் தகுந்த வழிகளில் ஒன்றாக யோகாவையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் தன் வழிகாட்டுக் குறிப்பில் சேர்த்தது.

மூச்சின் கதை இன்னும் சுவாரசியமானது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். பிராணாயாமத்தில் அதை ஆறு அளவுக்குக் குறைத்து, வெளிமூச்சை நீட்டினால் நாடித்துடிப்பு தணிகிறது. காரணம் மூளையிலிருந்து இருதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு. ஆபத்து என்றால் உடம்பை உசுப்பிவிடும் நரம்பு மண்டலத்துக்கு எதிர்த்தட்டில் இருந்து, "போதும், அடங்கு" என்று சொல்லும் நரம்பு அது. இருதயம், குடல் எல்லாம் நம் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. மூச்சு மட்டும் தானாகவும் நடக்கும், சொன்னாலும் கேட்கும். அந்த ஒரு கதவு வழியாகத்தான் மனிதன் தன் பதற்றத்தின் வீட்டுக்குள் நுழைய முடிகிறது. இதையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இந்தியாவில் புதிதல்ல. புனேவுக்கும் மும்பைக்கும் நடுவே லோனாவாலாவில் சுவாமி குவலயானந்தர் 1924-லேயே கைவல்யதாமா என்ற நிறுவனத்தைத் தொடங்கி, யோகிகளின் வித்தைகளைக் கருவிகளால் பரிசோதித்து, அதற்கென்றே ஒரு பத்திரிகையும் நடத்தினார்.

நமது 52 வயதுக்காரரின் மனசில் நேரும் மாற்றமும் இப்படி ஓசையில்லாமல்தான் வருகிறது. அவர் ஞானி ஆகிவிடுவதில்லை. சிக்னலில் ஆட்டோக்காரர் குறுக்கே வந்தால் இன்றும் கோபம் வருகிறது. ஆனால் கோபத்துக்கும் வார்த்தைக்கும் நடுவே, முன்பு இல்லாத ஒரு சின்ன இடைவெளி. தோள்கள் காதுவரை ஏறியிருப்பது தெரிகிறது, மூச்சு மேலோட்டமாக ஓடுவது தெரிகிறது. தினமும் காலையில் அரைமணி நேரம் தன் தோளையும் மூச்சையும் கவனித்துப் பழகியவருக்கு, மற்ற நேரத்திலும் அவை கண்ணில் படுகின்றன. மூன்று மணி விழிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை. விழித்தால் மறுபடி தூங்க முடிகிறது. மனைவிதான் இதை முதலில் கவனித்துச் சொல்கிறார்.

இவ்வளவு அடக்கமான லாபத்தை விற்பது கஷ்டம். அதனால்தான் சந்தையில் வேறு சரக்கு ஓடுகிறது. நாற்பது நாளில் சர்க்கரை நோய்க்குக் குட்பை, மாத்திரையே வேண்டாம், இருதய அடைப்பு கரையும் என்று மேடைகளும் மொபைல் வீடியோக்களும் முழங்குகின்றன. இந்த முழக்கத்தை நம்பி ஒருவர் பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறார் என்றால் பணயம் வைக்கப்படுவது அவருடைய உயிர். பயிற்சியால் ரத்த அழுத்தம் சில புள்ளிகள் இறங்கலாம். மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை டாக்டர்தான் அளந்து சொல்ல வேண்டும். ஆசனங்களிலும் ஆபத்து உண்டு. சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கிளாக்கோமா உள்ளவர் அதைத் தொடக்கூடாது. கழுத்து எலும்பு தேய்ந்தவர், எலும்பு மெலிந்தவர், கர்ப்பிணி எல்லோரும் தங்கள் நிலையை ஆசிரியரிடம் சொல்லிவிட்டே பாயில் உட்கார வேண்டும். கேட்காமலே தலைகீழாக நிறுத்தும் ஆசிரியரிடமிருந்து விலகிவிடுவது உத்தமம்.

இருதய விஷயத்தில் இந்தியாவிலேயே ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. மாரடைப்பிலிருந்து தப்பிய 3,959 பேரை நாடு முழுவதும் 24 மருத்துவ மையங்களில் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் வழக்கமான சிகிச்சை. ஒரு தரப்புக்கு மட்டும் கூடுதலாக யோகா பயிற்சி. 2020-ல் முடிவு வெளியானது. மறுபடி மாரடைப்பு, மரணம் போன்றவற்றில் இரு குழுக்களுக்கும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அற்புதம் எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். ஆனால் யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நிலையைப் பற்றி நன்றாகச் சொன்னார்கள். பழைய வேலைகளுக்குத் திரும்புவதிலும் முந்திக்கொண்டார்கள். மாரடைப்பு வந்த மனிதரைக் கேட்டால் தெரியும், மாடிப்படி ஏற பயப்படாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று. இன்னொரு தகவலும் அதில் உண்டு. வகுப்புகளுக்கு ஒழுங்காக வந்தவர்களை மட்டும் தனியே பார்த்தால் பலன் பெரிதாகத் தெரிந்தது. ஒழுங்காக வரக்கூடியவர்கள் இயல்பிலேயே கொஞ்சம் திடமானவர்களாக இருக்கலாம் என்பதால் இதை நிரூபணமாகக் கொள்ள முடியாது. ஆனாலும் பாதியில் விட்டவருக்குப் பாதிப் பலன்கூட நிச்சயமில்லை என்பதை எந்த வாத்தியாரும் ஒப்புக்கொள்வார். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் யோகாவைச் சிகிச்சையின் பகுதியாகப் பயன்படுத்துகிறார்கள். மருந்தை நிறுத்திவிட்டு அல்ல, மருந்தோடு.

தினமும் அரைமணி. சொல்ல எளிது. ஆனால் அந்த அரைமணி வீட்டில் யாருடையது? விடிகாலை ஐந்தரைக்கு கணவர் பாய் விரித்துக் கண்ணை மூடும்போது, அடுக்களையில் குக்கர் விசில் அடிக்கிறது; பால்காரர் மணி அடிக்கிறார்; பிள்ளையின் டிபன் பாக்ஸ் திறந்து கிடக்கிறது. இவை எதுவும் அவர் தியானத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது மனைவியின் பொறுப்பு. இடுப்பு வலியும் தூக்கமின்மையும் அவளுக்கும் உண்டு, பல வீடுகளில் கூடுதலாகவே உண்டு. "உனக்குத்தான் வீட்டு வேலையே யோகா ஆயிற்றே" என்ற பழைய வேடிக்கை இங்கே செல்லாது. குனிந்து பெருக்குவது முதுகுக்கு உழைப்பு, ஓய்வல்ல. ஆசனத்தில் மூச்சோடு நீண்டு, பிறகு சவாசனத்தில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத ஐந்து நிமிடம் கிடப்பது வேறு. வீட்டில் இரண்டு பாய் இருந்தால், டிபன் பாக்ஸை யார் கட்டுவது என்று பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். யோகத்தின் முதல் படியாகச் சாஸ்திரம் வைப்பது அகிம்சை, சத்தியம் போன்ற யமங்களை. ஆசனம் வருவது மூன்றாவதாகத்தான்.

பதஞ்சலியின் சுமார் இருநூறு சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றுதான். இடைவிடாத பயிற்சியைப் பற்றியோ அவர் தொடக்கத்திலேயே பேசிவிடுகிறார். மனித சுபாவம் அவருக்குத் தெரிந்திருக்கிறது: நோய், சோம்பல், சந்தேகம் எல்லாம் தடைகளின் பட்டியலில் உண்டு. கல்யாணம், ஜலதோஷம், ஆபீஸ் ஆடிட், ஊர்ப் பயணம் என்று நம் காலத்துத் தடைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். நான்கு நாள் விட்டுப்போனால் பலர் குற்ற உணர்ச்சியிலேயே நாற்பது நாள் விட்டுவிடுகிறார்கள். விட்ட நாட்களுக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை. ஐந்தாம் நாள் காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், கணக்கு மறுபடி தொடங்கிவிடும். அதற்கு மைதானம் வேண்டாம், டி.வி. வேண்டாம், கின்னஸ்காரர்கள் வந்து எண்ணவும் வேண்டாம். பீரோவுக்குப் பின்னால் கை எட்டினால் சரி.