உள்ளூர்க்காரனுக்கு அனுமதி இல்லை!

அரும்பாவூர் வந்துவிட்டது என்று கண்டக்டர் கத்த வேண்டியதில்லை. காதே சொல்லிவிடும். 'டொக்... டொக்...' என்று உளி மேல் கொட்டாப்புளி விழுகிற சத்தம் தெருவுக்குத் தெரு கேட்கிறது.

பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டை, கிருஷ்ணாபுரம் வழியாக, மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பார்த்துக்கொண்டே வந்தால், பச்சைமலைக்குப் பக்கத்தில் ஊர். ஒரே கட்டையில் ஒட்டுப் போடாமல் சாமி செதுக்குகிறவர்கள். 2020-ல் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 'இது எங்க ஊர்ச் சரக்கு' என்று சர்க்கார் முத்திரை போட்டுத் தருகிற சர்டிபிகேட் அது.

சாயங்காலம் விசுவக்குடி அணைக்குப் போனேன். பச்சைமலைக்கும் செம்மலைக்கும் நடுவில் தண்ணீர். அதிகக் கூட்டமில்லை. என்னை பைக்கில் கூட்டிப்போன இளைஞர் டிகிரி முடித்து மூன்று வருஷம் ஆனவர். வேலை தேடுவதே அவருக்கு முழுநேர வேலை. மலையைக் காட்டிச் சொன்னார்:

"அண்ணே, மலேசியாவுல கெந்திங்னு ஒரு மலை. வெறுங்காடா கெடந்துச்சாம். ஒரு காஸினோ ரிசார்ட் கட்டுனாங்க. உலகமே வருது. கவர்மென்ட் இடம் குடுத்து, பிரைவேட் பணம் போட்டா, நம்ம பச்சைமலை எங்கியோ போயிரும்!"

சென்னைவாசிகளுக்குக் காஸினோ என்றால் மவுன்ட் ரோடு பக்கத்து சினிமா தியேட்டர். இவர் சொல்வது நிஜக் காஸினோ.

கெந்திங் கதை உண்மைதான். லிம் கோ டோங் என்ற கான்ட்ராக்டர் ஆறாயிரம் அடி உயர மலைக்குச் சொந்தச் செலவில் ரோடு போட்டார். 1969-ல் துங்கு அப்துல் ரகுமான் அடிக்கல் நாட்டினார், சூதாட்ட லைசென்ஸும் கிடைத்தது. 1971-ல் ஹோட்டல் திறந்தது. இன்றுவரை மலேசியாவில் சட்டப்படி இயங்கும் ஒரே காஸினோ அதுதான்.

திரும்பும் வழியில் டீக்கடை. இளைஞர் அங்கேயும் தன் திட்டத்தை அவிழ்த்தார். பெஞ்சில் இருந்த பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கவர்மென்ட்டும் பிரைவேட்டும் கூட்டுன்னியே, அந்தப் படத்தை நாங்க ஏற்கெனவே பாத்தாச்சு தம்பி."

அவர் சொன்னது பெரம்பலூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தை. 2007 வாக்கில் டிட்கோவும் ஜிவிகே நிறுவனமும் சேர்ந்து திருமாந்துறைப் பக்கம் சுமார் 3,000 ஏக்கரில் தொழிற்பேட்டை என்றார்கள். நிலம் கைமாறியது. சொன்னபடி ஃபாக்டரிகள் வரவில்லை. வருஷக்கணக்கில் நிலம் சும்மா கிடந்தது. கொடுத்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு விவசாயிகள் போராடினார்கள்.

"வேலை குடுக்கறேன்னுதான் எல்லாரும் வர்றாங்க. எங்களைக் கேட்டுட்டு யாரு வர்றா?" என்றார் பெரியவர். பிறகு, "காஸினோ பத்தி நம்ம சிங்கப்பூர் சபாபதியைக் கேளுங்க" என்று கை காட்டினார்.

கூப்பிடுவது அப்படி, நிஜப் பெயர் வேறு. கட்டுமான வேலைக்குப் போய் ஒன்பது வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு, இப்போது அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்து நடராஜருக்கு விரல் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"உள்ளே போயிருக்கீங்களா?" என்றேன்.

"ரெண்டு தடவைண்ணே. டிக்கெட்டே கிடையாது. அந்த ஊர்க்காரன் உள்ளே போகணும்னா 150 வெள்ளி கட்டணும். எங்களுக்கு ஃப்ரீ!"

சிங்கப்பூரில் காஸினோ சும்மா வந்துவிடவில்லை. லீ குவான் யூவே பல காலம் எதிர்த்தவர். மந்திரிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடந்தது. கடைசியில் 2005 ஏப்ரலில் பிரதமர் லீ சியன் லூங் பார்லிமென்ட்டில் சம்மதம் சொன்னார். அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: 'ஒருங்கிணைந்த உல்லாசத் தளம்'! பெயரில் காஸினோவையே காணோம். அரசாங்கம் இடத்தைத் தேர்ந்தெடுத்து டெண்டர் விட்டது. ஒன்று அமெரிக்காவின் லாஸ் வேகஸ் சாண்ட்ஸுக்கு, இன்னொன்று நம்ம கெந்திங்குக்கு. 2010-ல் மரீனா பேயும் செந்தோசாவும் திறந்தன. ஆயிரக்கணக்கில் வேலை, கோடிக்கணக்கில் டூரிஸ்ட் பணம். இதை மறுக்க முடியாது.

கூடவே ஒரு வேலி போட்டார்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். 2019-ல் அது 150 ஆனது. பாஸ்போர்ட்டோ வொர்க் பெர்மிட்டோ காட்டுகிற வெளிநாட்டுக்காரனுக்குக் கட்டணம் கிடையாது. அதாவது, கட்டடம் கட்டப் போன நம் பையனுக்கு வேலியே இல்லை.

"எங்க ரூம்ல பன்னெண்டு பேருண்ணே. ஒருத்தன் மொத நாளே 800 வெள்ளி ஜெயிச்சான். எல்லாருக்கும் பிரியாணி வாங்கிப் போட்டான். நாலாம் மாசம் ஊருக்கு அனுப்பப் பணமில்லை. தங்கச்சி கல்யாணம் தள்ளிப் போச்சு. ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்குன கடன் அப்படியே நின்னுச்சு."

உளியை நிறுத்தினார்.

"சம்பள நாள்ல எனக்கும் கால் அங்கேதான் இழுத்துச்சு. பயந்துட்டேன். 'என்னை உள்ளே விடாதீங்க'ன்னு நானே எழுதிக் குடுத்து, நானே கையெழுத்துப் போட்டேன். அப்படி ஒரு ஏற்பாடு வெச்சிருக்காங்க. அதுக்கு அப்பறம்தான் தூக்கம் வந்துச்சு."

பி.காம். படித்த தோஷம், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள். ஒரு எண்ணில் 100 ரூபாய் வைத்து ஜெயித்தால், வைத்ததையும் சேர்த்து 3,600 கைக்கு வரும். ஜாக்கிரதை பேர்வழியாக 37 எண்ணிலும் 100 வையுங்கள். கட்டாயம் ஜெயிப்பீர்கள். செலவு 3,700, வரவு 3,600. ஜெயித்தாலும் நூறு ரூபாய் நஷ்டம்! சக்கரத்துக்கு நம் மேல் கோபம் ஒன்றுமில்லை. கமிஷன் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு எல்லா சர்க்காருக்கும் தெரியும். மலேசியாவில் முஸ்லிம்களுக்கு கெந்திங் காஸினோவில் அனுமதி இல்லை. கோவாவில் 1996-ல் சட்டத்தைத் திருத்திக் கப்பல் காஸினோவுக்கு வழிவிட்டார்கள். மாண்டவி ஆற்றில் கப்பல்கள் வந்து நின்றன. எதிர்க்கட்சியாக இருக்கும்போது 'கப்பலை விரட்டு' என்பார்கள், நாற்காலி கிடைத்ததும் கெடுவை நீட்டிப்பார்கள். 2020 பிப்ரவரியில் ஒரு காரியம் செய்தார்கள்: கோவாக்காரர்கள் உள்ளே போகக் கூடாது என்று தடை! கப்பல் நிற்கிறது, உள்ளூர்க்காரன் கரையில் நிற்கிறான்.

கொழும்பிலும் இதே கூத்துதான். 2013-ல் ஆஸ்திரேலியக் கோடீஸ்வரர் ஜேம்ஸ் பாக்கர் காஸினோ ரிசார்ட் கட்ட வந்தார். வரிச் சலுகை பற்றிப் பெரிய ரகளை. 2015-ல் ஆட்சி மாறியது, திட்டம் போயிற்று. பத்து வருஷம் கழித்து, 2025 ஆகஸ்டில் ஜான் கீல்ஸும் மெல்கோவும் சேர்ந்து 'சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ்' காஸினோவைத் திறந்தே விட்டார்கள். முக்கியமாக எதிர்பார்க்கும் கஸ்டமர் யார்? பக்கத்து நாட்டு நாம்தான்.

நம்ம சர்க்காரும் இந்தப் பாடத்தைப் படித்ததுதான். 1968-ல் அண்ணா காலத்தில் அரசே பரிசுச் சீட்டு விற்றது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்றார்கள். பெரும்பாலும் நாட்டுக்குத்தான் விழுந்தது. 2003-ல் ஜெயலலிதா லாட்டரிக்கே தடை போட்டார். சீட்டுக் கட்டு செல்போனுக்குள் நுழைந்ததும், 2022-ல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழகம் தனிச் சட்டம் போட்டது. ஆக, பச்சைமலையில் காஸினோ வருவதற்கு இப்போதைக்கு வழியில்லை.

ஆனாலும் நாளைக்கே யாராவது கோட் சூட்டோடு வந்து 'கூட்டு முயற்சி' என்றால், அரும்பாவூர்க்காரர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: 'ஐயா, உங்க ஊர்ல உங்க பிள்ளையை இதுக்குள்ளே விடுவீங்களா?'

என்னைக் கூட்டி வந்த இளைஞர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "அதெல்லாம் சரிண்ணே. வேலை?" என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. சபாபதி நிமிராமலே, "நாளைக்குக் காலையில வா. தேக்குல பிடி எடுக்க ஆள் வேணும்" என்றார். இளைஞர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது கைக்கு அடக்கமாக ஒரு பிள்ளையாரை எடுத்து விலை கேட்டேன். சொன்னார். வெளியூர் ஆள் என்று ஏற்றிச் சொல்கிறாரோ என்ற சந்தேகத்தில், "உள்ளூர் விலை சொல்லுங்க" என்றேன்.

சபாபதி சிரித்தார். "எங்க கடையில உள்ளூர், வெளியூர்னு ரெண்டு விலை கிடையாதுண்ணே!"