பார்ச்சி பொட்டலில் ஒரு பள்ளிக்கூடம்

காபூலின் தாருலமான் சாலையில் நிற்கும் நாடாளுமன்றக் கட்டடம் இந்தியா கட்டிக் கொடுத்தது. 2015 டிசம்பர் 25-ம் தேதி பிரதமர் நரேந்திர மோடி அதைத் திறந்து வைத்தார். அங்கிருந்து மேற்கே சற்றுத் தூரம் போனால் ஊரின் முகமே மாறிவிடுகிறது. தூதரகங்கள் இல்லை, அகலமான சாலைகள் இல்லை. மண் சுவர்களும் செங்கல் வீடுகளும் நெருக்கியடித்துக்கொண்டு மலையடிவாரம் வரை போகின்றன. உருளைக்கிழங்கு அடைத்த போலானி சுடும் அடுப்புகள். சுமை தள்ளும் கைவண்டிகள். அந்த வண்டிக்குக் காபூல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கராச்சி'. துறைமுக நகரத்தை நினைத்துக்கொள்ளும் இந்திய வாசகர் ஒரு கணம் குழம்பத்தான் வேண்டும்.

இதுதான் தஷ்த்-எ-பார்ச்சி. தஷ்த் என்றால் பொட்டல் வெளி. 2001-க்குப் பிறகு ஈரானிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும், நாட்டின் நடுவே உள்ள மலைப் பகுதிகளிலிருந்தும் வந்து சேர்ந்த ஹஸாராக்கள் அதை ஒரு நகரத்துக்குள் இன்னொரு நகரமாக்கினார்கள்.

ஹஸாராக்களை ஆப்கானிஸ்தானில் முகத்தைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடுகிறார்கள். மத்திய ஆசியச் சாயல் கொண்ட கண்கள். பாரசீகத்தின் ஒரு கிளைமொழி. சன்னி நாட்டில் பெரும்பாலும் ஷியாக்கள். 1890-களில் அமீர் அப்துர் ரஹ்மானின் படைகள் இவர்களை வேட்டையாடின. நிலம் பறிபோனது, அடிமைகளாக விற்கப்பட்டார்கள், தப்பியவர்கள் குவெட்டாவுக்கும் மஷ்ஹதுக்கும் ஓடினார்கள். நூறாண்டு கழித்து, 1998 ஆகஸ்டில், மஸார்-இ-ஷெரீஃப் தலிபான் கையில் விழுந்தபோது வீடு வீடாகத் தேடிக் கொல்லப்பட்டவர்களில் அதிகம் பேர் இவர்களே. பாமியன் புத்தர்கள் தகர்க்கப்பட்டபோது (2001 மார்ச்) உலகம் கண்ணீர் விட்டது. அந்தச் சிலைகளின் நிழலில் வாழ்ந்த மக்களுக்காக அந்த அளவுக்கு யாரும் அழுததாகத் தெரியவில்லை.

நிலமும் இல்லை, படையும் இல்லை என்ற நிலையில் ஒரு சமூகம் எதைப் பிடித்துக்கொண்டு எழும்? பார்ச்சியில் தெருவுக்குத் தெரு முளைத்த பள்ளிகளும் டியூஷன் மையங்களும்தான் அதற்குப் பதில். அவற்றில் பெயர் பெற்றது மாரிஃபத் பள்ளி. 'மாரிஃபத்' என்றால் ஞானம், அறிதல். சரீஅத், தரீகத், ஹகீகத், மஃரிபத் என்று சூஃபிப் படிகளைச் சொல்லும் தமிழ் முஸ்லிம்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல.

பள்ளியை உருவாக்கிய அஸீஸ் ரோயிஷ் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். சோவியத் படைகள் நுழைந்தபோது படிப்பு நின்றது. அகதி வாழ்க்கை, முஜாஹிதீன் முகாம், கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தது என்று வளர்ந்தார். 1994-ல் பாகிஸ்தானில் அகதிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, தலிபான் ஆட்சி விழுந்ததும் பார்ச்சிக்கு வந்தது. சுமார் 4,000 மாணவர்கள், அவர்களில் கிட்டத்தட்ட பாதி பெண்கள் என்ற அளவுக்குப் பின்னாளில் வளர்ந்தது. மனித உரிமை தனிப் பாடமாகவே நடந்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பள்ளியின் மாணவர்களோடு சேர்ந்து இந்தப் பிள்ளைகள் எடுத்த புகைப்படங்கள் அமெரிக்காவில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. 2015-ல் உலக ஆசிரியர் பரிசின் இறுதிப் பத்துப் பேரில் ரோயிஷும் ஒருவர்.

இதையெல்லாம் சாத்தியமாக்கியது வெளிநாட்டுப் படையா? நேர் பதில் சொல்வது கடினம். பள்ளி வாசலில் அமெரிக்கச் சிப்பாய் காவல் நின்றதில்லை. ஆனால் பெண்கள் பள்ளிக்குப் போவதை அரசே தடுக்க முடியாத ஒரு வெளி காபூலில் இருந்தது. அந்த வெளியைக் காத்து நின்றது அந்தப் படைதான். 2009 ஏப்ரலில், ஷியாப் பெண்களைக் கணவனுக்குக் கட்டுப்பட்டவளாக்கும் குடும்பச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களில் மாரிஃபத் மாணவிகளும் இருந்தார்கள். கோபம் கொண்ட கும்பல் பள்ளியைத் தாக்கியது. வந்தவர்கள் தலிபான் அல்ல. சொந்தச் சமூகத்துப் பழமைவாதிகள். பள்ளிக்கு இரண்டு பக்கமும் எதிரிகள் இருந்தார்கள் என்பதை வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

2014 மே மாதம் அதிபர் ஒபாமா படை விலகலுக்கு ஆண்டுக் கணக்கு அறிவித்தபோது, பார்ச்சியில் அது தேர்வுக்கான கால அட்டவணை மாதிரியே படிக்கப்பட்டது. இந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது எத்தனை சிப்பாய்கள் மிச்சம்? ஜெஃப்ரி ஸ்டெர்ன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2016-ல் இந்தப் பள்ளியைப் பற்றி எழுதிய நூலின் பெயரே 'கடைசி ஆயிரம்' என்றுதான் அமைந்தது.

கொலைகாரர்கள் படை போகும் வரை காத்திருக்கவில்லை. 2018 ஆகஸ்ட் 15-ல் மாவூத் டியூஷன் மையம். 2020 அக்டோபரில் கவுஸர்-எ-தானிஷ். 2021 மே 8-ல் சையதுல் ஷுஹதா பள்ளி வாசல். கடைசியில் சொன்னதில் மட்டும் குறைந்தது 85 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மாணவிகள். குண்டு வெடித்த மாவூத் மையம் மறுபடி திறந்தது. அங்கே படித்த ஒரு பெண் 2020-ல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான கான்கோரில் நாட்டிலேயே முதலாவதாக வந்தார்.

2020 பிப்ரவரி 29-ல் தோஹாவில் அமெரிக்காவும் தலிபானும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இந்தப் பெண்களைப் பற்றி ஒரு வரி இல்லை. 2021 ஆகஸ்ட் 15-ல் காபூல் விழுந்தது. 30-ம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் கடைசி அமெரிக்க விமானம் கிளம்பியது. இந்தியாவும் பெருமைப்பட ஏதும் செய்யவில்லை. ஆப்கானியருக்கு முன்பு கொடுத்திருந்த விசாக்கள் செல்லாது என்று அதே மாதம் அறிவித்தது. விடுமுறைக்கு ஊர் போயிருந்த எத்தனையோ ஆப்கன் மாணவர்கள் தங்கள் இந்தியக் கல்லூரிகளுக்குத் திரும்ப முடியாமல் சிக்கினார்கள்.

2022 மார்ச் 23 அன்று மேல்வகுப்புப் பெண்களுக்குப் பள்ளி திறக்கும் என்றார்கள். காலையில் சீருடையோடு வந்த பிள்ளைகளைச் சில மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 30-ல் பார்ச்சியின் காஜ் மையத்தில் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தவர்கள் நடுவே குண்டு வெடித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் பெண்களுக்கு மூடப்பட்டன.

பெண்களுக்கு அனுமதி ஆறாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் வீட்டுக்குள் ரகசிய வகுப்பு, செல்போனில் பாடம், இல்லையென்றால் தையல். ஆறாம் வகுப்பு முடித்த சில சிறுமிகள் வேறொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: அடுத்த ஆண்டும் அதே ஆறாம் வகுப்பில், அதே புத்தகங்களோடு போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்.